வீட்டை விற்காதீர்கள்

2017 ஜூலை 25 அன்று ஒஹாயோ மாநிலத்து யங்ஸ்டவுன் நகரின் உள்ளரங்கு ஒன்றில் டொனால்ட் டிரம்ப் பேசினார். அவர் ஜனாதிபதியாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. வரும் வழியில் பார்த்த ஆளற்ற தொழிற்சாலைகளைப் பற்றிச் சொன்னார். போன வேலைகள் எல்லாம் திரும்பி வருகின்றன, யாரும் ஊரைவிட்டுக் கிளம்பாதீர்கள், வீட்டை விற்காதீர்கள் என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

அங்கிருந்து அரை மணி நேரத் தொலைவில், லார்ட்ஸ்டவுனில், ஜெனரல் மோட்டார்ஸின் கார் ஆலை இருந்தது. 1966 முதல் ஓடிய ஆலை. டிரம்ப் பேசி ஒன்றரை ஆண்டு ஆவதற்குள், 2018 நவம்பரில், அங்கே உற்பத்தியை நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்தது. 2019 மார்ச்சில் கடைசி செவ்ரோலே க்ரூஸ் கார் தயாராகி வெளியே வந்தது. வேலையைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்தவர்கள் டென்னசிக்கும் இந்தியானாவுக்கும் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். வயதான பெற்றோர், பிள்ளைகளின் பள்ளி, மனைவியின் வேலை என்று எதையாவது விட்டுவிட்டுத்தான் போக முடியும். ஆலை நின்ற சில நாட்களில் டிரம்ப் உள்ளூர்த் தொழிற்சங்கத் தலைவர் மேல் ட்விட்டரில் பழியைப் போட்டார்.

அடுத்த ஆண்டு தேர்தல் வந்தது. யங்ஸ்டவுனை உள்ளடக்கிய மஹோனிங் கவுண்டி, 1972-இல் நிக்சனுக்குப் பிறகு முதல்முறையாக, ஜனாதிபதித் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளரை முன்னுக்குக் கொண்டுவந்தது. லார்ட்ஸ்டவுன் இருக்கும் ட்ரம்புல் கவுண்டி 2016-இலேயே டிரம்ப் பக்கம் சாய்ந்திருந்தது. 2020-இல் வித்தியாசம் கூடியது. 2024-இல் இரண்டு கவுண்டிகளிலும் இன்னும் கூடியது.

வாக்குறுதி பொய்த்துப்போன ஊரிலேயே பற்று ஏன் கூடுகிறது? அமெரிக்க லிபரல்களிடம் இதற்கு இரண்டு விடைகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. இவர்களுக்கு விவரம் போதாது, ஏமாந்துவிட்டார்கள் என்பது ஒன்று. இவர்களை இழுப்பது இனவெறுப்பு, வேலை என்பதெல்லாம் சாக்கு என்பது மற்றொன்று. முதல் விடையை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆலை மூடியது லார்ட்ஸ்டவுன்காரருக்கு இன்னொருவர் போய்ச் சொல்ல வேண்டிய சேதியா என்ன? இரண்டாவதில் உண்மை இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். ஆனால் இரண்டு விடைகளும் வாக்காளரை ஒரே மாதிரித்தான் பார்க்கின்றன: அவர் எதையோ வாங்குவதற்காக வாக்கைக் கொடுக்கிறார், சரக்கு வரவில்லையென்றால் கடையை மாற்றிவிடுவார் என்று. யங்ஸ்டவுனின் கதை அப்படி இல்லை.

1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் நிறுவனம் தன் கேம்ப்பெல் எஃகாலையின் பெரும்பகுதியை மூடப்போவதாக அறிவித்தது. சுமார் 5,000 பேருக்கு வேலை போயிற்று. அந்த ஊரில் இன்றைக்கும் அந்த நாளுக்குக் கறுப்புத் திங்கள் என்றுதான் பெயர். அடுத்த சில ஆண்டுகளில் மற்ற எஃகாலைகளும் வரிசையாக அணைந்தன. பாதிரியார்களும் தொழிலாளர்களும் சேர்ந்து ஆலையைத் தாங்களே வாங்கி நடத்தத் திட்டம் போட்டார்கள். ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி கார்ட்டருடைய அரசு 1979-இல் கடன் உத்தரவாதம் தர மறுத்துவிட்டது. 1930-இல் 1,70,000 பேர் வாழ்ந்த நகரத்தில் 2020 கணக்கெடுப்பின்போது எஞ்சியிருந்தவர்கள் சுமார் 60,000 பேர்.

அந்த இருண்ட ஆண்டுகளில் மஹோனிங் கவுண்டியின் ஷெரீஃபாக இருந்தவர் ஜேம்ஸ் டிராஃபிகன்ட். வேலை இழந்த தொழிலாளர்கள் வீட்டுக் கடன் தவணையைக் கட்ட முடியாமல் நின்றார்கள். வங்கிகள் நீதிமன்றத்துக்குப் போயின. வீடுகளை ஜப்தி செய்து கைமாற்றும் பத்திரங்கள் ஷெரீஃபின் கையெழுத்துக்கு வந்தன. டிராஃபிகன்ட் கையெழுத்துப் போட மறுத்தார். நீதிமன்ற அவமதிப்புக்காக மூன்று நாள் சிறையில் இருந்தார். அதே காலத்தில்தான் குற்றக் கும்பல்களிடம் பணம் வாங்கியதாக மத்திய அரசு அவர் மேல் வழக்குப் போட்டது. வழக்கறிஞர் யாரையும் வைத்துக்கொள்ளாமல் தானே வாதாடி, 1983-இல் விடுதலையானார். மறுவருடம் அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்து வந்த எட்டுத் தேர்தல்களிலும் ஜெயித்தார்.

அவர் ஒரு எஃகாலையையும் மீட்டுத் தரவில்லை. கலைந்த தலையும் மலிவான உடையுமாக அவையில் எழுந்து, வெளிநாட்டு இறக்குமதியையும் வரித்துறையையும் திட்டுவார். 2002-இல் லஞ்சம், வரி ஏய்ப்பு உட்படப் பத்துக் குற்றச்சாட்டுகளில் தண்டிக்கப்பட்டார். பிரதிநிதிகள் சபை 420-க்கு 1 என்ற வாக்கில் அவரை வெளியேற்றியது. அந்த நவம்பரில் சிறைக்குள் இருந்தபடியே சுயேச்சையாகப் போட்டியிட்டார். சுமார் 15 சதவீதம் வாக்கு விழுந்தது. ஏழு ஆண்டு சிறைவாசம் முடிந்து 2009-இல் ஊர் திரும்பியவருக்கு வரவேற்பு விருந்து நடத்தினார்கள்.

டிராஃபிகன்ட் ஜனநாயகக் கட்சிக்காரர் என்பது இங்கே அவ்வளவு முக்கியமில்லை. வாக்குப் போட்ட கைகள் அதே கைகள்தான். டிரம்ப் வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே அந்த ஊர் இப்படி ஒரு உறவுக்குப் பழகியிருந்தது. டிராஃபிகன்டின் குற்றங்கள் ஊருக்குத் தெரியும். ஆனால் வங்கியும் நீதிமன்றமும் அரசும் ஒரு பக்கம் நின்றபோது, அதிகாரத்தில் இருந்த ஒரே ஒரு ஆள் தங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று அதற்காகச் சிறைக்கும் போனார் என்பதும் ஊருக்குத் தெரியும். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து நன்றியின் பக்கம் நின்றார்கள். நமக்காக ஒருவர் அடி வாங்கினார் என்ற எண்ணம் மனதில் விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் சாதனைப் பட்டியல்களும் ஊழல் பட்டியல்களும் அதை எளிதில் அசைப்பதில்லை.

டிரம்ப் இதை நுணுக்கமாகப் புரிந்துகொண்டவர். அவர்கள் துரத்துவது என்னையல்ல, உங்களை. குறுக்கே நிற்பவன் மட்டுமே நான் என்று 2019 டிசம்பரில் தன் படத்தோடு ஒரு பதிவு போட்டார். அதன்பிறகு மேடைதோறும் அதைத் திருப்பிச் சொன்னார். 2023-இல் அடுத்தடுத்து நான்கு குற்ற வழக்குகள் வந்தன. ஒவ்வொன்றும் அவருடைய ஆதரவாளர்களை இன்னும் நெருங்கச் செய்தது. அந்த ஆகஸ்டில் அட்லாண்டா சிறையில் எடுத்த கைதிப் படத்தை அவருடைய பிரசாரக் குழுவே சட்டையிலும் கோப்பையிலும் அச்சிட்டு விற்றது. 2024 ஜூலையில் பென்சில்வேனியாவின் பட்லர் ஊரில் தோட்டா அவர் காதை உரசியது. அடுத்த வாரம் மில்வாக்கியில் நடந்த கட்சி மாநாட்டில் பிரதிநிதிகள் தங்கள் காதிலும் வெள்ளைத் துணியை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைவனின் காயத்தைத் தன் உடம்பிலும் ஏந்திக்கொள்ளும் அந்தச் செய்கையில் நடிப்பைவிடப் பரிவுதான் அதிகம் தெரிந்தது.

ஆனால் டிராஃபிகன்ட் மூன்று நாள் சிறையில் இருந்தது மற்றவர்களின் வீட்டுக்காக. டிரம்பின் வழக்குகள் அவர் தனக்காகச் செய்தவை பற்றியவை: ஒரு பெண்ணின் வாயை அடைக்கக் கொடுத்த பணத்தைக் கணக்கில் மறைத்தது, அரசின் ரகசிய ஆவணங்களைத் தன் மாளிகையில் வைத்துக்கொண்டது, தோற்ற தேர்தலின் முடிவை மாற்ற முயன்றது. இவற்றில் எந்தத் தொழிலாளியின் வீடும் இல்லை. உண்மையான நன்றி ஒன்று உருவாகக் காத்திருக்கும் இடத்தில், அதற்கு உரிமையில்லாத ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். என் வருத்தமெல்லாம் இதுதான்.

அமெரிக்க வலதுசாரி அரசியலில் இந்த உறவுக்கு நீண்ட முன்கதை உண்டு. 1952 செப்டம்பரில், ஆதரவாளர்கள் சேர்த்துக் கொடுத்த 18,000 டாலர் நிதி பற்றிக் குற்றம் சாட்டப்பட்டபோது, துணை ஜனாதிபதி வேட்பாளர் நிக்சன் தொலைக்காட்சியில் அரை மணி நேரம் தன் கடன்களையும் அடமானத்தையும் ஒப்பித்தார். மனைவியிடம் ரோமக் கோட்டு இல்லை, சாதாரணத் துணிக் கோட்டுதான் என்றார். மகள்களுக்குப் பரிசாக வந்த செக்கர்ஸ் என்ற நாய்க்குட்டியை மட்டும் திருப்பித் தர மாட்டேன் என்றார். சுமார் 6 கோடிப் பேர் பார்த்தார்கள். கட்சி அலுவலகத்தில் தந்திகள் குவிந்தன. அவர் பேசியதில் கொள்கை சொற்பம். மாதத் தவணை கட்டும் ஒரு குடும்பம், தன்னைப் போன்ற இன்னொரு குடும்பத்தைத் திரையில் பார்த்தது.

1980-இல் வேறொன்று நடந்தது. அப்போது ஜனாதிபதியாக இருந்த கார்ட்டர் ஞாயிறு பள்ளியில் பைபிள் சொல்லித்தரும் பக்திமான். எதிர்த்து நின்ற ரீகன் விவாகரத்தாகி மறுமணம் செய்துகொண்ட ஹாலிவுட் நடிகர். அந்த ஆகஸ்டில் டாலஸ் நகரில் ஆயிரக்கணக்கான மதபோதகர்கள் கூடிய கூட்டத்தில், நீங்கள் என்னை ஆதரிக்க முடியாது என்று தெரியும், ஆனால் நான் உங்களை ஆதரிக்கிறேன் என்றார் ரீகன். தங்களைப் போலவே வாழ்ந்தவரை விட்டுவிட்டு, தங்களை மதித்து அங்கீகரித்தவர் பின்னால் போனார்கள். ஒழுக்கம் பேசும் கிறிஸ்தவர்கள் டிரம்பை எப்படி ஏற்றார்கள் என்று இன்று வியப்பவர்கள் அந்த டாலஸ் கூட்டத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

2008-இல் குடியரசுக் கட்சியின் துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்ற சாரா பேலினைப் பற்றி அதிகம் எழுதப்பட்டதெல்லாம் அவருடைய அறியாமை. அவருடைய கூட்டங்களுக்கு யார் வந்தார்கள் என்பது அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. அந்த ஏப்ரலில் அவருக்கு டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை பிறந்திருந்தது. கருவிலேயே தெரிந்தும் பெற்றுக்கொண்டார். அதே குறைபாடுள்ள பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய் தகப்பன்மார் அவருடைய கூட்டங்களுக்கு வந்தார்கள். பேச்சு முடிந்ததும் தடுப்புக் கயிற்றின் ஓரமாக அவர் அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போவார். கடையில், பள்ளியில், கோயிலில் பிறர் பார்வையைத் தாங்கியே பழகிய பெற்றோருக்கு, நாடே பார்க்கும் மேடையில் ஒரு தாய் அப்படிப்பட்ட குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது என்னவாக இருந்திருக்கும்! அவரிடம் வெளியுறவுக் கொள்கை பற்றிக் கேள்வி கேட்ட நிருபர் அவர்கள் கண்ணுக்குக் குழந்தையையே கேலி செய்தவர் மாதிரி தெரிந்திருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

அதே ஆண்டு, அதே கட்சியில், மின்னசோட்டாவின் லேக்வில் ஊரில் ஒரு பெண் எழுந்து ஒபாமாவை நம்ப முடியவில்லை, அவர் அரபு என்றார். கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் அந்தப் பெண்ணின் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, இல்லை அம்மா, அவர் நல்ல குடும்பஸ்தர், சில விஷயங்களில் அவரோடு எனக்குக் கருத்து வேறுபாடு, அவ்வளவுதான் என்றார். அதே கூட்டத்தில், ஒபாமாவைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை என்று அவர் சொன்னபோது, சொந்தக் கூட்டமே அவரை நோக்கி ஊளையிட்டது. தங்கள் பயத்தை ஆமோதிக்காத வேட்பாளர் தங்கள் ஆள் இல்லை என்று கூட்டம் முடிவு செய்யும் கணத்தை அந்தக் காணொளியில் நேரடியாகப் பார்க்கலாம்.

இனம் பற்றிய கேள்வியைத் தள்ளிப்போட்டேன். அதற்கும் யங்ஸ்டவுனே சாட்சி. அந்த நகரத்தில் இன்று பத்தில் நான்கு பேருக்கு மேல் கறுப்பர்கள். எஃகாலைகளில் கறுப்புத் தொழிலாளர்களைத் தலைமுறை தலைமுறையாகக் கரி சுடும் உலைகளிலும் மிக அழுக்கான வேலைகளிலும்தான் வைத்திருந்தார்கள். நல்ல சம்பளமுள்ள பிரிவுகளுக்கு அவர்கள் மாறுவதற்கு வழி திறந்த நீதிமன்ற ஒப்பந்தம் 1974-இல்தான் வந்தது. மூன்றே வருடத்தில் கறுப்புத் திங்கள். கதவு திறந்த கையோடு கட்டடமே இடிந்தது. இழப்பு என்று பார்த்தால் அவர்களுடையது சிறியதல்ல. ஆனால் அவர்கள் டிரம்பின் கூட்டத்துக்கு அணி அணியாகப் போகவில்லை. வேலை போனதால் மட்டுமே இந்தப் பற்று வருவதாக இருந்தால் அவர்களுக்கும் வந்திருக்க வேண்டும். மேடையில் துயரத்துக்கு ஆறுதல் சொல்லும் அதே மூச்சில், துயரத்துக்குக் காரணமானவர்கள் என்று மெக்சிக்கர்களும் முஸ்லிம்களும் சுட்டிக்காட்டப்பட்டார்கள். அந்த ஆறுதல் யாருக்கு, யாருக்கில்லை என்பது கறுப்பர்களுக்கு உடனே விளங்கியது. லூசியானாவின் லேக் சார்ல்ஸ் பகுதியில் ஐந்து ஆண்டு ஆய்வு செய்த சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட், வெள்ளையர்களின் மனக்குறையை ஒரு நீண்ட வரிசையாக விவரித்தார்: நாம் பொறுமையாக நிற்கிறோம், வேறு யார் யாரோ நடுவில் நுழைகிறார்கள். அந்த வரிசையின் பின்பகுதியில் கறுப்பர்கள் எத்தனை காலமாக நின்றார்கள் என்பது மட்டும் அந்த மனக்குறையின் கண்ணில் படுவதேயில்லை.

இதைச் சொன்ன பிறகும், இவர்களை வெறுப்பாளர்கள் என்று முத்திரை குத்தி விலக்குவது எனக்குத் தவறாகவே படுகிறது. 2016 செப்டம்பரில் ஹிலரி கிளிண்டன் டிரம்ப் ஆதரவாளர்களில் பாதிப் பேரைத் தேறாத கும்பல் என்ற பொருளில் பேசினார். நிதி திரட்டும் விருந்தில், வசதியானவர்கள் நடுவில் சொன்னது அது. ஒரே வாரத்தில் அந்த வசைச்சொல்லை நெஞ்சில் அச்சிட்ட சட்டைகளோடு ஆட்கள் டிரம்பின் கூட்டங்களுக்கு வந்தார்கள். அதுவரை அரைமனதாக இருந்தவருக்கும் அந்தச் சட்டை ஒரு உறவைக் கொடுத்தது. தெரியாத ஊரில், வாகன நிறுத்துமிடத்தில், விடியற்காலை முதல் நாற்காலி போட்டுக் காத்திருக்கும் வரிசையில், டிரம்ப் ஆதரவாளரின் சிவப்புத் தொப்பியைப் பார்த்ததும் முகம் தெரியாத ஒருவர் காபியை நீட்டுகிறார். ஆலை போன ஊரில் தொழிற்சங்க மண்டபமும் போய்விட்டது, பந்துருட்டு (பௌலிங்) விளையாட்டுக் குழுவும் கலைந்துவிட்டது. மனிதர்கள் மனிதர்களோடு சேர்ந்திருக்க மிச்சமிருக்கும் சில இடங்களில் அந்த வரிசையும் ஒன்று. தலைவரை விட்டு விலகுகிறவர் அந்தக் காபியையும் விட்டு விலக வேண்டியிருக்கிறது.

இந்தப் பாசம் பணமாகவும் மாறும் என்று முன்கூட்டியே கண்டவர் ரிச்சர்ட் விகுரி என்ற வலதுசாரி நிதி திரட்டுநர். 1964-இல் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் பாரி கோல்டுவாட்டர் 44 மாநிலங்களில் தோற்றார். ஆனால் அவருக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் பிரதிநிதிகள் சபைச் செயலகத்தில் பொது ஆவணமாகக் கிடந்தன. விகுரி ஆட்களை வைத்து 12,000-க்கும் மேற்பட்ட பெயர்களையும் முகவரிகளையும் கையால் எழுதி எடுத்தார். அந்தப் பட்டியலில் இருந்துதான் வலதுசாரிகளின் அஞ்சல்வழி நிதி திரட்டும் தொழில் வளர்ந்தது. பெயர் சொல்லி அழைக்கும் கடிதம், வாசலுக்கே வந்துவிட்ட ஆபத்து, உங்களால் மட்டுமே தடுக்க முடியும் என்ற கெஞ்சல், கடைசியில் ஒரு சிறு தொகை. இன்று அதுவே மணிக்கு ஒரு குறுஞ்செய்தியாக வருகிறது. 2020 தேர்தலில் டிரம்ப் தோற்ற பிறகு, முடிவை எதிர்த்து வழக்காடுவதற்கு என்று கேட்டு ஆதரவாளர்களிடம் சுமார் 25 கோடி டாலர் திரட்டினார்கள். கடிதங்களில் சொன்ன தேர்தல் பாதுகாப்பு நிதி என்ற ஒன்று இருக்கவேயில்லை என்று காங்கிரஸின் விசாரணைக் குழு பிறகு கண்டறிந்தது. ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து இருபது டாலர், ஐம்பது டாலர் அனுப்பியவர்களின் பணமும் அதில் இருந்தது.

பணத்தைவிடப் பெரிய விலையும் கொடுத்தார்கள். 2021 ஜனவரி 6 அன்று மேடையில் நின்ற டிரம்ப், நாடாளுமன்றத்துக்கு நடப்போம், உங்களோடு நானும் இருப்பேன் என்றார். கூட்டம் நடந்து போய், காவலர்களைத் தாக்கி நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. அவருடைய வாகனம் வெள்ளை மாளிகைக்குத் திரும்பியது. பிறகு நீதிபதிகள் முன்னால் நின்றவர்களில் பலர், எங்கள் ஜனாதிபதி கூப்பிட்டார், அதனால் போனோம் என்றார்கள். வேலை போனது, மணவாழ்க்கை முறிந்தது, சிலரைச் சொந்தப் பிள்ளைகளே காட்டிக்கொடுத்தார்கள். 2025 ஜனவரி 20 அன்று சுமார் 1,500 பேருக்கு டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். அந்த நான்கு ஆண்டுகளை அவரால் திருப்பிக் கொடுக்க முடியாது. அவர்களிடம் அடிபட்ட காவலர்களுக்கு அந்த மன்னிப்பில் எதுவும் இல்லை.

ட்ரம்புல் கவுண்டியின் வாரன் நகரத்தில் இன்னொரு மனக்குறை உண்டு, மிக நியாயமானது. அங்கே பல தலைமுறைக்கு வேலை கொடுத்த பேக்கர்ட் எலெக்ட்ரிக், ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து பிரிக்கப்பட்ட டெல்ஃபை நிறுவனத்தின் பகுதியானது. டெல்ஃபை திவாலானது. 2009-இல் ஒபாமா அரசு ஜெனரல் மோட்டார்ஸை மீட்டபோது, தொழிற்சங்கத்தைச் சேர்ந்தவர்களின் ஓய்வூதியத்தில் குறைந்துபோன தொகையை ஜெனரல் மோட்டார்ஸ் ஈடுகட்டியது. சங்கத்தில் இல்லாத மாதச் சம்பள ஊழியர்கள் சுமார் 20,000 பேருக்கு ஈடு எதுவும் கிடைக்கவில்லை. சிலருக்கு ஓய்வூதியத்தில் பாதிக்கு மேல் போயிற்று. மேற்பார்வையாளர்கள், பொறியாளர்கள், அலுவலக உதவியாளர்கள் எல்லாம் அதில் அடக்கம். அவர்கள் வழக்குப் போட்டார்கள். பத்து ஆண்டுக்கு மேல் நீதிமன்றம் ஏறி இறங்கித் தோற்றார்கள்.

டிரம்ப் பதவிக்கு வந்து நாலு வருடம் முடியப்போகும் தறுவாயில், 2020 அக்டோபரில், தேர்தலுக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோது, இவர்களுடைய ஓய்வூதியத்தை மீட்க வழி இருக்கிறதா என்று ஆராயும்படி ஒரு குறிப்பாணையில் கையெழுத்திட்டார். தங்கள் பெயரை ஒரு ஜனாதிபதி வாயால் கேட்டதே அவர்களில் பலருக்குப் பெரிதாக இருந்தது. பணம் வரவில்லை. அடுத்து பைடன் வந்தார். வருமானம் குறைந்ததால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட்டு, புற்றுநோய் முற்றி இறந்துபோன ஒரு ஓய்வூதியர் மனைவியின் பெயரில், முழு ஓய்வூதியத்தையும் திருப்பித் தரும் மசோதா ஒன்று கொண்டுவரப்பட்டது. இரண்டு கட்சியிலும் அதற்கு ஆதரவாளர்கள் இருந்தார்கள். 2022 ஜூலையில் பிரதிநிதிகள் சபை அதை நிறைவேற்றியது. அந்தக் காங்கிரஸின் காலம் முடியும்வரை அது செனட்டைத் தாண்டவில்லை.